நாத்தனார் முடிச்சு

சொன்ன பிறகுதான் வெங்கடம்மாளுக்குத் தான் சொன்னது உறைத்தது. தண்ணீர்ச் சொம்பை நீட்டிய கை அப்படியே நின்றது.

"எங்க நாத்தனா நாராயணம்மாவுக்கும் இந்தக் காடு கழனி மேல உசுருங்க. ஆனேக்கல் பக்கம் கட்டிக் குடுத்துட்டாங்க, பாவம்..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாதேஸ்வரி வக்கீல். நிலம் வாங்கும் கம்பெனிக்காகப் பத்திரங்களைச் சரிபார்த்து, வில்லங்கமில்லை என்று எழுதித் தருவது அவள் வேலை. கையெழுத்திடும் முன் விற்பவர் வீட்டுக்குப் போய், தண்ணீர் கேட்கும் சாக்கில் அடுப்படியில் கொஞ்சம் நிற்பாள். வாரிசுச் சான்றிதழில் விட்டுப்போனவர்களின் பெயர் அங்கேதான் காதில் விழும். இங்கே அப்பா விட்டுப்போன பூர்வீக நிலத்துக்கு வாரிசு, வெங்கடம்மாளின் கணவர் மணிவேல் ஒருவர்தான் என்றது சான்றிதழ். பெண்ணை எல்லை தாண்டிக் கர்நாடகாவில் கொடுத்துவிட்டால், இங்கே மனு எழுதும்போது அவளை விட்டுவிடுவது இந்தப் பக்கம் வழக்கம்.

"நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க மேடம்." வெங்கடம்மாள் முந்தானையைத் தோள்மேல் இழுத்துப் போர்த்தினாள். அதற்குள் அங்கிருந்த கன்றிப்போன தழும்பை மாதேஸ்வரி பார்த்துவிட்டாள்.

"மேடம், காபி ஆறுது!" கூடத்திலிருந்து புரோக்கர் பிரேம்குமார் கூப்பிட்டான். "கையெழுத்தப் போட்டீங்கன்னா சாயங்காலமே பெங்களூர்ல குடுத்துருவேன்."

கூடத்துக்கு வந்தாள். மேஜைமேல் அவளே தட்டச்சு செய்து கொண்டுவந்த காகிதம் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவளும் வக்கீல் தோழி மணிமேகலையும் சேர்ந்து ஓசூரில் ஆபீஸ் திறந்த பிறகு வந்த முதல் பெரிய கம்பெனி வேலை இது. 'பொம்பளைங்களுக்கு நெலத்துக் கேஸ் எதுக்கு, டைவர்ஸ் கேஸ் பாருங்க' என்று சிரித்தவர்கள் கோர்ட்டு வாசலில் இன்னும் இருக்கிறார்கள்.

கையெழுத்திட முடியாது. காரணம் கேட்பார்கள். சொன்னால், அவள் கிளம்பிப் போனதும் வெங்கடம்மாளின் கதி என்ன? சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் கண் நின்றது.

"உங்க கல்யாணமாங்க அண்ணா?"

"ஆமாங்க," என்றார் மணிவேல்.

"பின்னாடி நின்னு தாலிக்கு முடிச்சு போடறது யாரு?"

"சொந்தக்காரப் பொண்ணு மேடம், விடுங்க," என்று பிரேம்குமார் முந்தினான்.

"நாத்தனார் முடிச்சு கூடப் பொறந்தவதான போடுவா? மூக்கு அப்படியே அண்ணன் மூக்கு." சிரிக்கப் பார்த்தாள்.

மணிவேல் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "ஏய், உள்ள என்னடி பேசின?"

"அக்கா தண்ணிதான் குடுத்தாங்க. இந்தப் போட்டோவ நான் உள்ள வரப்பவே பாத்துட்டேன்." கோர்ட்டில்கூட அவள் இவ்வளவு நிதானமாகப் பொய் சொன்னதில்லை.

பிரேம்குமார் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "மேடம் வூடு மத்திகிரிதான? மாட்டுப் பண்ணைக்கு இந்தப் பக்கம். சாருக்கு செகண்ட் ஷிப்ட். பாப்பா ஸ்கூல்லேர்ந்து ஆட்டோல தனியா வருது இல்ல?" பல் தெரியச் சிரித்தான். "சும்மா கேட்டேன்."

பேனாவை மூடினாள். காகிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஸ்கூட்டர் கண்ணாடியில் பிரேம்குமாரின் வெள்ளைக் கார் தெரிந்துகொண்டே வந்தது. வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. ஹைவேயில் தொழிற்சாலை ஆட்கள் கூட்டமாக டீ குடித்துக்கொண்டிருந்த பேக்கரியில் வண்டியை நிறுத்தினாள். எதிர்ப்புறம் காரும் நின்றது.

முதலில் கணவனை அழைத்தாள். "பாலாஜி, ஸ்கூல்ல போய் பாப்பாவ இப்பவே கூட்டிக்கோங்க."

"என்னாச்சு மாதேசு? குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அப்புறம் சொல்றேன். உங்க ஷிப்ட்டு..."

"ஷிப்ட் கெடக்குது, விடு. பாப்பாவ ஏத்திக்கிட்டு நேரா உன்கிட்ட வரேன். எங்க நிக்கற?"

இடத்தைச் சொல்லிவிட்டு மணிமேகலையை அழைத்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"கம்பெனி போயிடும்டி," என்றாள் மாதேஸ்வரி.

"போனா போவட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. இப்பவே எழுதி அனுப்பு. கீழ என் பேரையும் போடு. ஒருத்திய மெரட்டறது சுலபம்."

கார்க் கதவு திறந்தது. பிரேம்குமார் இறங்கிச் சாலையைக் கடக்க லாரிகளுக்காக நின்றான். மாதேஸ்வரி போனில் தட்டினாள்: 'மணிவேலின் உடன்பிறந்த சகோதரிக்கும் இந்நிலத்தில் சம உரிமை உண்டு. அவர் கையெழுத்திடாமல் வாங்கக் கூடாது.' இரண்டு பெயர்களையும் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினாள். அவன் சாலை நடுத்திட்டில் லாரிகளுக்காக நின்றபோதே மணிவேலுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கம்பெனிக்கு அனுப்பிட்டேன். இனிமே என்னையோ, வேற யாரையோ மெரட்டி ஒண்ணும் ஆகாது. ஆனா தங்கச்சி சேந்து கையெழுத்துப் போட்டா வித்துக்கலாம். அந்தப் பத்திரத்த நானே எழுதித் தரேன்."

மாதேஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவகிட்ட பேசியே ரொம்ப நாளாச்சுங்க," என்றார் மணிவேல். "நான் கூப்ட்டா வருவாளா?"

பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு வெங்கடம்மாளின் குரல், எப்போதும்போல்: "நீங்க எதுக்கு? நான் கூப்புடறேன். மொதல்ல வந்து சாப்புடுங்க."

மணிவேல் போனை வைத்துவிட்டார். மாதேஸ்வரி பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தாள். உடனே நடுத்திட்டில் பிரேம்குமாரின் போன் அடித்தது. எடுத்து, "என்ன மணிவேலண்ணா, விட்டுடறதா?" என்று கத்தியவன், அவளை ஒருமுறை முறைத்துவிட்டுக் காருக்கே திரும்பினான்.