அருவி தெரியும் ஜன்னல்

அப்பா கண்ணை மூடிய கையோடு அண்ணன் சொத்தைப் பிரித்தார். அருவிக்கு நேராக ஜன்னல் வைத்த மேட்டு வீடு அவருக்கு. அதன் கீழே கல்லும் முள்ளுமாய்க் கிடந்த பள்ளம் தங்கைக்கு.

"இங்கருந்து அருவிகூடத் தெரியலையேண்ணே" என்றாள் அவள்.

"சத்தம் கேக்குதில்ல? கேட்டுக்கிட்டு இரு. உனக்கு அது போதும்" என்றார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தங்கை மறக்கவில்லை, மல்லுக்கும் நிற்கவில்லை. தன் பங்கில், மேட்டு வீட்டை ஒட்டிய சரிவு நெடுக பைன் கன்றுகளை நெருக்கி நட்டாள். கோடையில் குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம், "வளருடா ராசா, அவர் கண்ணை மறைடா" என்று முணுமுணுத்தாள்.

அண்ணன் மேட்டு வீட்டை விடுதியாக்கினார். அருவியைப் பார்க்கவே ஆட்கள் வந்து குவிந்தார்கள். "தங்கச்சி மரத்தால வீடே குளுகுளுன்னு இருக்கு" என்று அவரே பெருமையடித்தார். மரங்கள் ஜன்னலைத் தாண்டிய வருடம், வந்தவர்கள் அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே கிளம்பினார்கள்.

அண்ணன் முதன்முறையாகப் பள்ளத்துக்கு இறங்கி வந்தார். "மரத்தை வெட்டிரும்மா. என் பொழப்பே நாறிப் போச்சு."

"சரிவுல மரத்தை வெட்டினா மண்ணு சரியும், யாரும் தொடக் கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல மேசையைத் தட்டிப் பேசினது நீங்கதானேண்ணே?"

"அருவியே தெரியலைடி!"

அவள் கடைசி மரத்துக்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"சத்தம் கேக்குதில்ல? கேட்டுக்கிட்டு இருங்க."