விடுமுறை கேட்டு வந்த தீவு

1987ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, தென் அத்திலாந்திக்கில் இருக்கவேண்டிய செயின்ட் ஒசித் தீவு தேம்ஸ் ஆற்றுவழியே வந்து, கனகாம்பிகை வேலைபார்த்த அரசு அலுவலகத்துக்கு எதிரே கரைதட்டியது. தீவில் இருபத்துமூன்று பேர், நாற்பது ஆடுகள், கப்பல்களுக்கு வழிகாட்டும் ஒரு வெளிச்சவீடு. மழை தூறிக்கொண்டிருந்ததால் வேடிக்கை பார்க்க அதிகம் பேர் வரவில்லை.

கனகாம்பிகைக்கு அந்தத் தீவைக் காகிதத்தில் நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்த அவளுடைய வேலை, பிரிட்டனிடம் எஞ்சியிருந்த தீவுகளுக்குச் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைகள் பொருந்துமா என்று ஆண்டுதோறும் படிவம் நிரப்புவது. வாராந்த ஓய்வுநாள் உடன்படிக்கைக்கு நேரே, செயின்ட் ஒசித்துக்கு, ஏழு வருடமாக 'முடிவு ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற முத்திரையைக் குத்திவந்தாள். முன்னிருந்தவர்கள் இருபத்துநாலு வருடம் குத்தியிருந்தார்கள்.

வெளிச்சவீட்டுக் காவலர் டோபியாஸ் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். ஜன்னல்வழியே விளக்கில் ஒரு கண் வைத்துக்கொண்டே பேசினார். முப்பத்தொரு வருடமாக ஒருநாள்கூட ஓய்வில்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலில்லை. நேரில் வரலாமென்றால் விளக்கை விட்டுவர விடுமுறையில்லை. ஆகவே தீவையே கூட்டிவந்துவிட்டதாகச் சொன்னார். கனகாம்பிகை முத்திரையை மெல்லக் கோப்புக்கு அடியில் தள்ளினாள். அவளுடைய தம்பியின் அகதி மனுவுக்கு நாலு வருடமாக வந்த பதிலும் ஏறத்தாழ அதே சொற்கள்தான்.

மேலதிகாரி ரங்கராஜன், திருச்சியில் சட்டம் படித்தவர், எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கடல் கடந்த பிரதேசத்துக்குத்தாம்மா இந்தச் சட்டம். இது நம்ம வாசல்லயே நிக்குது. நடந்தே போயிடலாம்."

"அப்ப திரும்பவும் ஒத்திவைக்கிறதோ, சேர்?"

"ஆமா. வேற வழி?"

கனகாம்பிகை ஆற்றங்கரைக்குப் போய், சப்பாத்து சேற்றில் புதைய வெகுநேரம் நின்றாள். மதியத்துக்குப் பிறகு ஏறிவந்த தண்ணீர் தீவைச் சூழத் தொடங்கியதும் படிகளில் ஓடிவந்தாள்.

"சேர், தண்ணி வத்தேக்கை மட்டும்தான் அது லண்டன். மூன்றரைக்குப் பெருக்கு. அப்ப சுத்திவரக் கடல்தண்ணி, நடக்க ஏலாது. கடல் கடந்த பிரதேசம்தானே?"

கடல் எத்தனை அடி அகலம் இருக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ரங்கராஜன் இருமுறை தேடிப்பார்த்துவிட்டு, மூன்றரைக்கு ஜன்னலருகே நின்று, உடன்படிக்கை பொருந்தும் என்ற படிவத்தில் கையெழுத்திட ஆரம்பித்தார். மூன்றாவது பிரதியில் பேனா வறண்டது. வெளியே நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஓர் ஆடு கரையைக் குறிவைத்துச் சேற்றில் இறங்கியது.

"கெதியாப் போடுங்கோ சேர், லண்டனாகப் போகுது!" என்று தன் பேனாவை அவர் கையில் திணித்தாள்.

ஆடு கரையேறுமுன் கையெழுத்து முடிந்தது. டோபியாஸ் படிவத்தை மூன்றுமுறை வாசித்தார்; பிறகு அழுதார். அடுத்த வற்றோடு தீவு திரும்பிப் போனது. வந்த ஞாயிறு அவர் நாள் முழுக்கத் தூங்கியதாகவும், கப்பல்கள் குறை சொல்லாமல் சுற்றிப் போனதாகவும் கடிதம் வந்தது.

பிறகு மற்றத் தீவுகளும் வரத் தொடங்கின. 1993இல் இரண்டு தீவுகள் ஒரேநாளில் வந்து ஆற்றை அடைத்தபோது, கனகாம்பிகை வாசலில் அறிவிப்பு ஒட்டினாள்: தீவுகள் வியாழக்கிழமை மட்டும், முன்கூட்டி எழுதிவிட்டு வரவும். அவையும் ஒழுங்காக எழுதிவிட்டே வந்தன. ஒன்று மட்டும் ஒருமுறை நாற்பது நிமிடம் பிந்தியது. வழியில் மூடுபனி என்றார்கள். ரயிலுக்கும் அதையேதான் சொல்கிறார்கள் என்றபடி அவள் கோப்பைத் திறந்தாள்.