கலிங்கின் மேல் மூன்று வரிசைச் செங்கல்

ஜெனில்டா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அணைக் காவலுக்கு வந்த பதினெட்டு வருடமாக, கரையின் அடியில் கசியும் நீரைத் தினமும் பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறாள். தெளிந்திருந்தால் பயமில்லை. இன்று சிவப்பாக வந்தது. கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "இன்னைக்குப் புனித ஜோசப் திருநாள்மா. இன்ஜினியர் திங்கக்கிழமைதான் வருவாரு," என்றான் ஒருவன். திங்கள்கிழமையாம்! எட்டு வருடமாக அவள் எழுதிய கடிதங்களை எந்த மூலையில் போட்டு வைத்தார்களோ, பாவிகள். மதகுக் கதவு துருப்பிடித்து இம்மியும் அசையாது. நீரை இறக்க, ஏரி நிரம்பினால் நீர் வழிந்தோடும் கலிங்கு ஒன்றுதான் வழி. அதையும் செயாரா மாநிலத்தையே காய்ச்சி எடுத்த வறட்சியில், கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று ஊரே சேர்ந்து மூன்று வரிசைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. சிமெண்ட் குழைத்தவர்களில் அவளும் ஒருத்தி. நினைக்க நினைக்கத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கரைக்குக் கீழே, கலிங்கு நீர் இறங்கும் ஓடையோரத்தில்தான் மகள் ரோசில்டா கைக்குழந்தையோடு இருக்கிறாள். போன் போட்டால், பூசையில் இருந்தாளோ என்னவோ, எடுக்கவில்லை.

ஜெனில்டா சம்மட்டியோடு போனபோது, ஏரி நிரம்பி வழியப்போவதைப் பார்க்கப் பாதி ஊர் வேட்டும் வாணமுமாகக் கலிங்கில் நின்றது. சுவரைக் கட்டிய கொத்தனார், அவள் அண்ணன் லிந்தோமார், குறுக்கே வந்தார்.

"பைத்தியமா உனக்கு? ஆறு வருஷம் லாரித் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டது மறந்துபோச்சா?"

"அவளைப் பிடிச்சு ஏரியில தள்ளுங்கடா!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"தள்ளுங்கடா! நாளைக்குத் தள்ளுறதுக்கு ஏரியே இருக்காது!" என்று கத்தியவள், பாட்டிலை அண்ணன் உள்ளங்கையில் கவிழ்த்தாள். "தேய்ச்சுப் பாருண்ணே. இது எந்த மண்ணு?"

லிந்தோமார் விரலால் தேய்த்தார். முகம் வெளிறிப்போனது. கரை கட்டும்போது நீர் கசியாமலிருக்க அதன் நடுவில் போடுவதற்காக அவர்களுடைய அப்பா தூரத்திலிருந்து கழுதை மேல் ஏற்றி வந்த செம்மண். இந்தப் பக்கத்தில் வேறெங்கும் அது கிடையாது. சம்மட்டியைப் பிடுங்கித் தானே ஓங்கினார்.

சுவர் உடைந்து தண்ணீர் பாய்ந்ததும், ஏசிக்கொண்டிருந்த கூட்டம் வெட்கமில்லாமல் கூத்தாடத் தொடங்கியது. வேட்டுகள் வெடித்தன. ஜெனில்டாவின் போன் அடித்தது.

"அம்மா, வேட்டுச் சத்தம் கேக்குது! கலிங்கு பாயுதா? பிள்ளையோட குளிக்க வந்துட்டேன். தெருவே ஓடைக்குள்ளதான் நிக்குது!"

"மேட்டுக்கு ஓடுடி!" என்று அலறினாள் ஜெனில்டா.

பக்கத்தில் இன்னொரு வேட்டு வெடித்தது.

"என்னம்மா? கேக்கலையே," என்று சிரித்தாள் ரோசில்டா.