அட்சேனியின் கைகள்

என் மகள் எஃபீசியா, சிசின்னியோ அட்சேனியைப் பற்றிப் படப்புத்தகம் வரைகிறாள் என்று எனக்கு முதலில் சொன்னவன் முடிவெட்டுகிறவன். முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவன் கத்திக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது சொன்னான்.

"பெருமைதானே லுசோரியோ அண்ணே! உங்க வீட்டுப் பொண்ணு கையால அட்சேனிக்கு ஒரு புத்தகம்."

"கத்தியைப் பாத்து ஓட்டு," என்றேன்.

எங்கள் ஊரில் லவுனெத்தாஸ் என்ற குழல் வாத்தியம் வாசித்த வீடுகள் இரண்டு. ஒன்று எங்கள் கன்னாஸ் வீடு, மற்றது அட்சேனி வீடு. மூன்று நாணல் குழல்களை ஒன்றாக வாயில் வைத்து, கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, இடையில் அறாமல் வாசிக்க வேண்டும். நீளக் குழல் ஒரே சுரத்தில் நிற்கும். மற்ற இரண்டும் பேசும். ஆட்டத்துக்கு வாசிக்கிறவனுக்கு ஒரு விதி உண்டு. ஒரு துணுக்கை வாசித்து நகர்ந்துவிட்டால், அந்த ஆட்டம் முடியும்வரை மறுபடி அதைத் தொடக்கூடாது. தொட்டால், சுற்றிலும் கைகோத்து ஆடுகிறவர்கள் கையை விட்டுவிடுவார்கள்.

1961 திருவிழாவில் என் அப்பா ரைமொந்தோ கன்னாஸ் தொட்டார். எனக்குப் பதினோரு வயது. வட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சிசின்னியோ அட்சேனி நடுவில் வந்து நின்று இருட்டும்வரை வாசித்தார். ஒன்றைக்கூட இரண்டாம் முறை சொல்லவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷம், ஊர்வலத்தில் புனிதர் சிலைக்கு முன்னால் வாசித்துக்கொண்டு நடந்தது அவர்தான். என் அப்பா வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசித்தார். அவரைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை.

எஃபீசியா காலியாரி நகரத்தில் இருந்து பெரிய அட்டைப் பையோடு வந்தாள். படங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். நன்றாக வரைகிறவள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதுதான் பொறுக்கவில்லை. அட்சேனி நாணல் வெட்டுகிறார், அட்சேனி மெழுகு வைத்துச் சுரம் சேர்க்கிறார், அட்சேனி சிலைக்கு முன்னால் நடக்கிறார். ஐந்தாவது தாளில் சதுக்கம். நடுவில் அட்சேனி, சுற்றிலும் ஆட்டம். ஓரத்தில் தொப்பி போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கதை எழுதியவர் அதற்குக் கீழே, 'இன்னொருவர் தோற்று ஒதுங்கினார்' என்று எழுதியிருந்தார்.

நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"கை மட்டும் பாக்கிப்பா," என்றாள். "அவரோட ஃபோட்டோ ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. அதுலயும் கழுத்துக்குக் கீழ இல்ல. நீங்க தாத்தா குழலைப் பிடிச்சுக் காட்டுங்க, பாத்து வரைஞ்சுக்கறேன்."

"அட்சேனிக்கு என் கையா?"

"கை கைதானேப்பா. யாருக்குத் தெரியப் போகுது?"

ஊரில் அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் தெரியும். கன்னாஸ் வீட்டில் இடக்கை வழக்கம். நீளக் குழல் எங்களுக்கு வலப்பக்கம் தொங்கும். அட்சேனி வீட்டில், மற்ற எல்லோரையும் போல, இடப்பக்கம். எஃபீசியா சிறுமியாக இருந்தபோது அருகில் உட்கார்ந்து பார்த்தது தன் தாத்தாவை மட்டும்தான். குழல் என்றால் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பெட்டியில் இருந்து குழலை எடுத்தேன். எங்கள் வழக்கப்படி பிடித்தேன். மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்தேன். கை பாக்கியிருந்த எட்டுத் தாளிலும் அட்சேனியின் உடம்பில் கன்னாஸின் கைகள் ஏறின. புத்தகம் வருகிற அன்றைக்கு அட்சேனி கன்னாஸைப் போலக் குழல் பிடிப்பதை ஊர் பார்க்கும், அட்சேனி வீடு வெட்கப்படும் என்று கணக்குப் போட்டேன். அந்த மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை படங்கள் அச்சுக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஞாயிறு காலை, பூசை முடிந்ததும், அட்சேனியின் மகள் பொனாரியாவிடம் காட்டிவிட்டு வரலாம் என்றாள் எஃபீசியா. நானும் வருகிறேன் என்றேன். அவள் ஆச்சரியப்பட்டாள். நான் அந்த வீட்டு வாசலை மிதித்தே அறுபது வருஷம் இருக்கும். பொனாரியாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. தெருவில் எதிரெதிரே வந்தால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவள் முகம் மாறுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

பொனாரியா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். இரண்டாவது தாளில் நின்றாள். மூன்றாவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"குழல் பிடிக்கிறது யார் காட்டினது கண்ணு?"

"அப்பாதான் அத்தை. மூணு நாள் அசையாம உக்காந்தாரு."

பொனாரியா என்னைப் பார்த்தாள். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"உங்கப்பாவா? அப்ப சரியாத்தான் இருக்கும்," என்றாள். "லுசோரியோ, காப்பித் தட்டு கனமா இருக்கும். வந்து ஒரு கை குடு."

சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"மூணு நாள் உக்காந்தியாமே? முதுகு வலிக்கலையா?"

"என்ன சொல்ல வர்றே?"

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எங்கப்பாவை இடக்கைக்காரரா போட்டா அவருக்கு என்ன குறைஞ்சு போகும்? அவரு வாசிச்சதைக் கேட்டவங்க இருக்காங்க. அட்டையில யார் பேரு வரும்? எஃபீசியா கன்னாஸ். குழல்காரன் பேத்திக்குக் குழல் எந்தக் கையில பிடிக்கறதுன்னு தெரியலன்னு ஊரு யாரைப் பாத்து சிரிக்கும்?"

காப்பி பொங்கி வந்தது.

"நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள். "எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா சொல்ல வேண்டியது நான் இல்ல." தட்டில் பாதாம் பிஸ்கட்டுகளை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "சிந்தாமக் கொண்டு போ."

என் வீட்டுப் பெயரைக் காக்கத்தான் இதைச் செய்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெயரைச் சுமக்கிறவள் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாள். அது ஒரு அட்சேனி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தட்டை மேஜையில் வைத்தேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"எஃபீசியா, கை தப்பு. அட்சேனி வலக்கைக்காரர். நான் தெரிஞ்சேதான் மாத்திப் பிடிச்சேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"எட்டுத் தாள்ப்பா," என்றாள். "எட்டுத் தாள். நான் கேட்டேனே, இது சரியான்னு. ஒவ்வொரு நாளும் கேட்டேனே. தலையாட்டினீங்களே!"

"அந்த இன்னொருத்தர்னு எழுதியிருக்கே..."

"தாத்தான்னு தெரியும். ஊர்ல யாருக்குத்தான் தெரியாது? அதனாலதான் முகம் வரையல. முதுகு போதும்னு சொல்லிக் கதை எழுதினவரோட சண்டை போட்டேன். ஏன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. தாளைக் கவிழ்த்துத்தான் வைத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படங்களை அடுக்கினாள். "சரி. கம்ப்யூட்டர்ல கையை மட்டும் வெட்டித் திருப்பிப் போட்டுக்கறேன். இடது வலதாயிடும்."

"அப்பவும் கை மாத்திப் பிடிச்ச கன்னாஸ்தான் கிடைப்பான்," என்றாள் பொனாரியா. "உங்க வீட்டு விரலைப் பாரு, கொக்கி மாதிரி வளைஞ்சு துளையை நுனியால அடைக்குது. எங்கப்பா விரலைப் படுக்கப் போட்டு நடுக்கணுவால அடைப்பாரு. இரு."

உள்ளே போய்ச் சிவப்புத் துணிப் பை ஒன்றைக் கொண்டுவந்தாள். சிசின்னியோவின் குழல்கள். நான் கை நீட்டினேன், வேறு யார் பிடிக்க முடியும் என்று. அவள் என்னிடம் தரவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெழுகை நகத்தால் ஒரு இடத்தில் தட்டி, மூன்றையும் வாயில் வைத்தாள்.

வாசித்தாள்.

நீளமாக ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். கன்னம் உப்பியிருந்தது, காற்று எங்கும் அறவில்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தாள். விட்டதைத் திரும்பத் தொடவில்லை.

"அத்தை! நீங்க வாசிப்பீங்களா?"

"எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. சதுக்கத்துல பொம்பளைக்கு யாரு இடம் குடுப்பா? அதனால என்ன, வீட்டுல வாசிக்கலாமேன்னாரு. மத்தியானம் நான் பாத்திரம் கழுவி முடிச்சதும் உக்காருவோம்."

முப்பது வருஷம் அவர் சிலைக்கு முன்னால் நடந்தது எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை. அவர் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் மகளுக்கு வலது எது இடது எது என்று தெரியாது.

எஃபீசியா அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பொனாரியாவின் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள். மூன்று நாள் என் கையை வரைந்தவள், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் வரைந்தாள்.

"அசையாதீங்க அத்தை. இந்தச் சுண்டு விரலைக் கொஞ்சம், ஆங், அப்படியே."

"சுருக்கத்தையெல்லாம் போட்டுடாதே கண்ணு. எங்கப்பாவுக்கு அப்ப நாப்பது வயசுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கிளம்பிப் போயிருக்கலாம், போனால் தோற்றுப் போனது போல் இருக்கும் என்று எதிரில் உட்கார்ந்தேன். பொனாரியாவின் விரல்களையே பார்த்தேன். ஏதாவது ஒரு விரல் துளையை விட்டு விலகும், மணிக்கட்டு தொங்கும், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

எட்டுத் தாளுக்கும் அவள் உட்கார்ந்தாள். சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.