மதியழகனோட முளை

வெள்ளைமடை ஏரிக்கரையில டென்ட் அடிச்சா ஆளுக்கு ஒரு முளை. அவங்கவங்க முளையை அவங்கவங்களே அறையணும். மனசு நிஜமா நிறைஞ்சா முளை தானா இளகி வெளிய வரும். அதுவரைக்கும் லாரி வச்சு இழுத்தாலும் வராது. முளை இல்லாம வந்தா கண்டக்டர் பஸ்ஸுல ஏத்த மாட்டார். குடும்பமா வந்திருந்தா எல்லாரோட முளையையும் காட்டணும். ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தக் குடும்பத்தையும் இறக்கி விட்டுருவார். மத்தபடி நல்ல இடம். காத்து அப்படி வரும்.

மதியழகன் தன் பொண்டாட்டி கலாவதியையும் மக யாழினியையும் கூட்டிக்கிட்டு லீவுக்கு அங்க வந்தார். யாழினிக்குத் திருச்சியில நர்சிங் சீட்டு கெடச்சிருந்துச்சு. திங்கக்கிழமை போய்ச் சேரணும். சேரலைன்னா அடுத்த பொண்ணைக் கூப்பிட்டுருவாங்க. "அதுக்கு முன்னாடி மூணு பேரும் ஒரு எடம் போயிட்டு வந்துருவோம். நமக்கென்ன, வந்த அன்னைக்கே பிடுங்கிரலாம்"னு சொன்னது மதியழகன்தான்.

அவர் இருக்கிற எடத்துல சிரிப்புக்குப் பஞ்சம் கிடையாது. மாமனார் இருமுறது, ஆபீஸ் மேனேஜர் லீவு குடுக்கிற மாதிரி குடுத்து வாங்கிக்கிறது, மாடி வீட்டம்மா மோட்டார் போடச் சொல்றது, எல்லாத்தையும் அச்சா செய்வார். கல்யாண வீட்டுல பந்திக்கு முன்னாடி மாப்பிள்ளையைத் தேடுறாங்களோ இல்லையோ, அவரைத் தேடுவாங்க. டென்ட் அடிக்கும்போதும் மாடி வீட்டம்மா குரல்லதான் முளையை அறைஞ்சார்.

யாழினியோட முளை மறுநாளே வந்துருச்சு. தண்ணியில காலை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, அது பாட்டுக்குச் சாஞ்சு விழுந்துச்சு. துப்பட்டாவுல தொடச்சுப் பையில வச்சுக்கிட்டா.

ஏரியைப் பாத்துக்கிற லஸ்கர் காத்தமுத்து சைக்கிள்ல வந்து, கால் கட்டைவிரலால முளைகளைத் தட்டிப் பாத்தார்.

"பாப்பாவோடது ஆச்சு. அம்மாவோடது கெட்டியா நிக்குது."

"எனக்கென்ன, இவங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாப் போதும்"னா கலாவதி.

"அது இங்க செல்லாதும்மா. உங்களுக்குன்னு தனியா வேணும்."

அன்னைக்கு யாழினி அடுப்புகிட்ட நின்னா. சுடச்சுட ஒரு தோசையை எடுத்து அம்மா தட்டுல போட்டா. கலாவதி சாப்பிட்டா. இன்னொண்ணு வந்துச்சு, அதையும் சாப்பிட்டா. யாரு சாப்பிட்டா, யாரு சாப்பிடலைன்னு கேக்கவே இல்லை. மாவு தீர்ற நேரத்துல அவ முளை பொத்துன்னு விழுந்துச்சு.

"என்னோடது எப்பவோ வந்துருக்கும்"னு சொல்லிக்கிட்டே மதியழகன் குனிஞ்சு பாத்தார். அங்க முளையைக் காணோம். கயிறு மட்டும் மண்ணுக்குள்ள போயிருந்துச்சு.

காத்தமுத்து பக்கத்துல குத்த வச்சு உக்காந்தார். "பொய்யா சிரிச்சா உள்ள எறங்கும் சார். நீங்க வந்ததுலேருந்து ஓயலையே."

மதியழகன் சிரிச்சார். கயிறு விறைச்சுக்கிட்டு, டென்ட் அந்தப் பக்கமா ஒரு சாண் தாழ்ந்துச்சு.

"ஏங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?"னு கேட்டா கலாவதி.

அவர் யோசிச்சார். வாயைத் தொறந்தா மேனேஜர் குரல் வந்துச்சு. "பாக்கலாம், பாக்கலாம்."

"ப்பா, வெளையாடாதீங்க. உங்க குரல்ல சொல்லுங்க."

அது எதுன்னு அவருக்குத் தெரியலை. தேடிப் பாத்தார். மாமனார் இருமல் வந்துச்சு. அதுக்குக் கீழ மாடி வீட்டம்மா இருந்தாங்க. அதுக்கும் கீழ ஒண்ணும் இல்லை. அம்மாவும் மகளும் தோசை ஊத்திக் குடுத்தாங்க. "அடடா, இதுல்ல தோசை"ன்னார். டென்ட் இன்னொரு சாண் எறங்குச்சு. அதோட ரெண்டு பேரும் அவருக்கு நல்லது எதுவும் பண்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவரும் பேச்சை நிறுத்திட்டார். முளை எறங்கலை. ஏறவும் இல்லை.

பக்கத்து டென்ட்டுல போஸ்ட் ஆபீஸ் தம்பதி இருந்தாங்க. ரேஷன் கார்டையே இந்த முகவரிக்கு மாத்திக்கிட்டவங்க. அந்தம்மா ஒரு சொம்பு மோரோட வந்தாங்க.

"பழகிரும் சார். எங்க முருங்கை காய்க்க ஆரம்பிச்சிருச்சு. சாம்பாருக்கு வேணும்னா பறிச்சுக்கோங்க."

மதியழகனுக்கு அழுகை வந்துச்சு. அழுதா யாழினி பாப்பாளேன்னு மோரைக் குடிச்சார்.

ஞாயித்துக்கிழமை காலையில யாழினி தலைக்குக் குளிச்சு, பையை மூடி, அது மேலேயே உக்காந்துட்டா. திட்டியிருந்தாக்கூட தாங்கிருப்பார். கரண்டியை எடுத்துக் கயிறு போன வழியில தோண்ட ஆரம்பிச்சார். மண்ணு ஈரமா, கருப்பா வந்துச்சு. இடுப்பளவு தோண்டியும் கயிறு போய்க்கிட்டே இருந்துச்சு. "ஒரே ஒரு தடவை. எம்பொண்ணுக்காக"ன்னு குழிக்குள்ள பாத்துச் சொன்னார். அது மேனேஜர்கிட்ட லீவு கேக்குற குரல்.

காத்தமுத்து சைக்கிளைச் சாத்திட்டு, குழிக்குள்ள எறங்கி மண்ணுல காதை வச்சார்.

"விட்ருங்க சார். அக்கரைக்குப் போயிருச்சு."

அக்கரையில ஒரு ஆள் துண்டைக் காயப் போட்டுக்கிட்டிருந்தார். அவர் கால்கிட்ட மதியழகனோட முளை எட்டிப் பாத்துச்சு. ரெண்டு விரலால எடுத்தார், வந்துருச்சு. பரிசல்ல ஏறி இந்தக் கரைக்கு வந்து, மதியழகனுக்கு ஒரு வணக்கம் வச்சுட்டு, யாழினியோட பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டார்.

பஸ் வந்துச்சு. கண்டக்டர் எட்டிப் பாத்தார். மூணு பேரு, மூணு முளை. "ஏறுங்க, ஏறுங்க."

"ப்பா, ஜன்னல் சீட்டு எனக்கு"ன்னா யாழினி. "ஒனக்குத்தாண்டா"ன்னார் அந்த ஆள். கலாவதி அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டா.

"பாத்துப் போங்க"ன்னார் மதியழகன், குழிக்குள்ள நின்னபடியே.

"சரிண்ணே. நீங்க நிழலுக்குப் போங்க"ன்னு ஜன்னல் வழியா அந்த ஆள் பதில் சொன்னார்.

பஸ் கரையில திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தார். திங்கக்கிழமை பிள்ளை காலேஜுக்குப் போயிரும்.

காத்தமுத்து கையைக் குடுத்து அவரை மேல தூக்கி விட்டார். "அக்கரையில அந்த ஆளோட சம்சாரம் டிபன் எடுத்து வச்சிருக்காங்களாம். மகனுக்கு முடி வேற வெட்டி விடணுமாம். பரிசல் நிக்குது, கெளம்புங்க."

மதியழகன் கை மண்ணைத் தட்டிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பரிசல்ல ஏறினார்.