ஊசி மாத்தியாச்சு

கொரோனாவின் இரண்டாவது அலை மெல்ல அடங்கிக்கொண்டிருந்த ஜூன் மாதம். தண்டையார்பேட்டையில் டாக்டர் ஜெயவேலின் பல் கிளினிக்கில் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. செருப்பை வெளியே விட வேண்டும். கையை நீட்டிக் கிருமிநாசினி வாங்க வேண்டும். நெற்றியில் காய்ச்சல் பார்த்து, விரலில் ஆக்சிஜன் பார்த்து, பழுப்பு நிற மருந்தால் வாயைக் கொப்புளித்துத் துப்பிய பிறகுதான் நாற்காலி. டாக்டரோ தலை முதல் கால் வரை வெள்ளை உறைக்குள், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடோடு நிற்பார். பார்க்கிறவர்களுக்கு அவர்மேல் மரியாதை வரும்.

வினிதாவுக்கும் வந்தது. அவள் அங்கே உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. புருஷன் உதயாவின் படகு காசிமேட்டில் கட்டிக் கிடந்தது. முதலில் மீன்பிடித் தடை, பிறகு ஊரடங்கு. வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

டாக்டர் முதல் நாளே ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். "ஒரு ஆள் முடிஞ்சா அடுத்த ஆளுக்கு ஊசியை மாத்திடணும். மறக்கவே கூடாது." சிரிஞ்சின் நுனியிலிருந்த ஊசியைத் திருகிக் கழற்றிப் போட்டார். புது ஊசியைப் பிரித்து அதே சிரிஞ்சில் மாட்டினார். பல்லை மரத்துப்போகச் செய்யும் மருந்தை அதே பாட்டிலிலிருந்து உறிஞ்சி எடுத்தார். அன்று முதல் வினிதா அதையே செய்தாள். ஒவ்வொரு முறையும் டாக்டர், நாற்காலியில் இருப்பவர் காதில் விழும்படி, "ஊசி மாத்தியாச்சா?" என்று கேட்பார். அவளும் உரக்க, "மாத்தியாச்சு சார்" என்பாள். வாயைத் திறந்து படுத்திருப்பவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். நர்ஸ் ஹஃப்சா வினிதாவுக்கு ஊசி போட்டு முடித்ததும், சிரிஞ்சின் கழுத்தை ஊசி வெட்டும் சின்னக் கருவியில் வைத்து நறுக்கினாள். குழாயைச் சிவப்புப் பையில் போட்டாள்.

"அக்கா, முனைய மட்டும் மாத்திக்கினா போதுமே. குழாய் நல்லாத்தான கீது?" என்றாள் வினிதா, சிக்கனம் சொல்லும் பெருமையோடு.

ஹஃப்சாவின் கை நின்றது. "உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

வினிதா சொன்னாள். ஹஃப்சா அடுத்தவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவளைத் தள்ளி நிற்கவைத்தாள்.

"பல்லுக்குப் போடறப்போ டாக்டர் லேசா பின்னாடி இழுத்துப் பாப்பாரு இல்ல, நரம்புல ரத்தம் வருதான்னு? அந்த ரத்தம் எங்க போவுது? குழாய்க்குள்ள. கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் போதும். அதே குழாய மறுபடி பாட்டில்ல விட்டா பாட்டிலும் போச்சு. அடுத்தவங்க அத்தனை பேருக்கும் அதுலேர்ந்துதான் போவுது. மஞ்சக்காமாலை, எச்ஐவி, எல்லாம் அந்த வழியில வரலாம். ஊசின்னா முனை மட்டும் இல்லம்மா. குழாயும் ஊசிதான்."

வீட்டுக்கு வந்தவள் வலை பின்னிக்கொண்டிருந்த உதயாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா வினி, ஒரு ஊசிக்கே மூஞ்சி இப்டி ஆயிடுச்சு? நா போட்டுகினு வந்து ரெண்டு தட்டு பிரியாணி துன்னேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உதயா வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தான்.

"நாளைக்கு அம்மாவ அங்கதான இட்டுகினு போற?" என்றான்.

அதுதான் வினிதாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மாமியார் குப்பம்மாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. மாத்திரையில் வீக்கம் வடிந்திருந்தது. பல்லைப் பிடுங்கியாக வேண்டும். தன் ஆள் என்று டாக்டர் இலவசமாகவே பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"அவருக்குத் தெரியாம இருக்கும்யா. எடுத்துச் சொன்னா மாத்திப்பாரு."

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?" என்றான் உதயா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேல போனா போவட்டும். படகு இன்னா, கட்டியேவா கெடக்கப்போவுது" என்றான்.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் அவள் பணிவாகத்தான் சொன்னாள். அவர் கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் சிரித்தார்.

"கொரோனா காத்துல வருதும்மா. ஊசியில வராது."

"கொரோனா வராது சார். மத்தது வருமே."

"இந்த உறைக்கு, கிருமிநாசினிக்கு எவ்ளோ செலவாகுது தெரியுமா? நீ ப்ளஸ் டூ. நான் இருபது வருஷமா பல்லு பாக்கிறேன். சொன்னதைச் செய்."

முதல் ஆள் துறைமுகத்து லாரி டிரைவர். அவருக்கு மருந்து போட்டதும் டாக்டர் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு அவர் போனதும் அடுத்தது குப்பம்மா. மீன் மார்க்கெட்டையே ஒற்றைக் குரலால் அடக்குகிறவள், வாயைக் கொப்புளித்துவிட்டுப் பயத்தோடு நாற்காலியில் ஏறிப் படுத்தாள்.

வினிதா தட்டிலிருந்த சிரிஞ்சைத் தொடவில்லை. டாக்டர் அவளைப் பார்த்தார்; குரலைத் தழைத்துக்கொண்டார்.

"சரி, உன் மாமியாருக்கு வேணும்னா புது சிரிஞ்சு பிரிச்சுக்கோ. புது பாட்டிலும் எடுத்துக்கோ. நம்ம வீட்டு ஆளு."

வினிதாவுக்குக் காது மடல் சுட்டது. தெரியாமல் செய்யவில்லை இந்த மனிதர். எந்த ஊசி நல்லது, எது கெட்டது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. நல்லதை எடுத்து வீட்டு ஆளுக்கு வைத்துக்கொண்டு, கெட்டதை ஊருக்குப் போட்டிருக்கிறார். அதுவும் அவள் கையாலேயே மாட்டவைத்து, அவள் வாயாலேயே சொல்லவைத்து.

"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

குப்பம்மா நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தாள். "இன்னாமே தெரியும்? எனக்கு மட்டும் இன்னா புதுசு?"

"அத்த, ஒருத்தருக்குப் போட்ட குழாயிலயே முனைய மட்டும் மாத்திட்டு அடுத்தவங்களுக்குப் போடறாரு. நானும் ஒம்போது நாளா அதத்தான் செஞ்சுகினு கீறேன்."

குப்பம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். "ஐஸ மாத்திட்டா பழைய மீனு புது மீனாயிடுமா டாக்டரு? நா அப்டி வித்தா மார்க்கெட்ல கூடையத் தூக்கி மூஞ்சில அடிப்பாங்க. நா உன் வூட்டு ஆளு, சரி. வெளில ஒக்காந்துகினு கீறாங்களே, அவங்க யாரு வூட்டு ஆளுங்க?"

"அம்மா, மெதுவா பேசுங்க."

"எனுக்கு மெதுவா பேச வராது."

அறைக் கதவைத் திறந்து, காத்திருந்த நான்கு பேரிடமும் வினிதாவே சொன்னாள். மூவர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "அவசரம்மா, வலி தாங்கல" என்று தயங்கினார். குப்பம்மா அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கே கூட்டிப் போய்விட்டாள்.

வாசல் மேசையில், வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் காய்ச்சலும் எழுதும் நோட்டு கிடந்தது. யாருக்காவது கொரோனா வந்தால் மற்றவர்களுக்குச் சொல்வதற்காக வைத்தது. வினிதா தன் ஒன்பது நாள் பக்கங்களையும் போனில் படம் எடுத்தாள்.

"அது கிளினிக் சொத்து. போலீஸ்ல சொல்லுவேன்" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க சார். நானும் வந்து நான் செஞ்சதச் சொல்றேன்."

மறுநாள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் டோக்கன் வாங்கி மாமியாரை உள்ளே அனுப்பிவிட்டு, வினிதா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். சுகாதாரத் துறைக்கு எழுதிய புகார் பையில் இருந்தது. ஹஃப்சா திருத்திக் கொடுத்தது. தனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவள் மாட்டிய ஊசிகளுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் அதில் கேட்டிருந்தாள். கையில் நாற்பத்தொரு நம்பர்கள். கோபத்தில் எடுத்த படங்களை இப்போது பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராகப் படித்தாள். முதல் நம்பரை அழுத்தினாள்.

எடுத்தவர் தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர். அவள் சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. அவளைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், பிறகு மறுபடி அவளைத் திட்டினார். வினிதா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"முடிச்சிட்டீங்களா அண்ணே?" என்றாள். "வந்திருக்கும்னு நா சொல்லல. ஆனா ரத்தம் குடுத்துப் பாத்துடணும். இப்போ ஒருதரம், ஆறு மாசம் கழிச்சு ஒருதரம். பெரியாஸ்பத்திரில பாப்பாங்க. தனியா போவ பயமா இருந்தா சொல்லுங்க, நா கூட வரேன்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ பட்டறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கேட்டது. "எத்தினி மணிக்குப் போவணும்?" என்றார் அவர்.

குப்பம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு பக்கக் கன்னமும் நாக்கும் மரத்திருந்ததால் பேச முடியவில்லை. அந்த ஆத்திரம் அவள் கண்ணில் தெரிந்தது. மருமகள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்தவளின் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பி, பட்டியலில் இரண்டாவது நம்பரை விரலால் தொட்டுக் காட்டினாள்.