தாளம் பிசகாத நிகழ்ச்சி

சஜன் டிரம்ஸ் வாசித்தால் பாட்டு ஓடும். முதல் சரணம் வரை ஒழுங்காகப் போகும்; அதன்பிறகு யாரோ துரத்துவதுபோல் வேகம் கூடிவிடும். பாடுகிற ஸ்ரீகுமாரி மூச்சு முட்டிச் சிரித்துவிடுவாள். கித்தார் வாசிக்கும் விஜயதாஸ் எப்படியாவது கூடவே ஓடிச் சேர்ந்துவிடுவான். கீபோர்டில் இருக்கும் ஜீனாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. பதினெட்டு வருடமாகச் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள் அவள்.

பாறசாலைப் பக்கத்துப் பள்ளியொன்றில் நால்வரும் பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள். நாற்பது வயதுக்குமேல் ஒரு பேண்ட் தொடங்கலாம் என்று எல்லாரையும் தேடிப்பிடித்துச் சேர்த்தவன் சஜன். ஆரியங்கோட்டில் ரப்பர் ஷீட் உலர்த்தும் தன் கொட்டகையில் பாதியை இதற்காக ஒதுக்கினான். ஞாயிறு மதியம் கூடுவார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் அவன் மனைவி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைப்பாள். பிறகு பேச்சுதான். அப்படியே ஆறு வருடம் போனது.

ஒரு கல்யாணத்தில் அவர்கள் வாசித்ததை யாரோ இணையத்தில் போட்டார்கள். அதன் கீழே ஒருவன், 'டிரம்ஸ் சேட்டனுக்கு கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்போல' என்று எழுதியிருந்தான். ஜீனா அதைப் பலமுறை படித்தாள். அடுத்த மாதம் பள்ளியின் பொன்விழா; அவர்கள் வாசிக்க வேண்டும்.

"கீபோர்டிலேயே தாளத்த போட்டுக்கலாம். சஜன் இந்த ஒரு தடவ சவுண்ட பாத்துக்கிடட்டும்," என்றாள் விஜயதாஸிடம்.

"அவன்கிட்ட ஆரு சொல்லுவா?"

"நீ சொல்லு. நிங்க ரெண்டுபேரும் ஒரே பெஞ்சுல்லா."

விஜயதாஸ் சொன்னான். சஜன் "செரி" என்றானாம், அவ்வளவுதான். விழாவன்று முதல் ஆளாக வந்து, ஸ்பீக்கர்களைச் சுமந்து, வயரெல்லாம் இழுத்துக் கட்டினான். நிகழ்ச்சி முழுவதும் மிக்சர் பக்கத்தில் நின்றான். ஒரு பாட்டிலும் தாளம் பிசகவில்லை. தலைமையாசிரியை மேடையேறி ஜீனாவைக் கட்டிக்கொண்டார். யாரும் மூச்சு முட்டிச் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொள்ளாம் மக்கா. நல்லா இருந்தது," என்றான் சஜன், வயரைச் சுருட்டிக்கொண்டே.

அடுத்த ஞாயிறு, மகளுக்குப் பரீட்சை என்றான். அதற்கடுத்த ஞாயிறு ஸ்ரீகுமாரியும் வர முடியாது என்றாள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜீனா தானே ஆரியங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். கொட்டகை முழுக்க ஷீட் தொங்கியது. டிரம்ஸ் இல்லை.

"சண்டே ஸ்கூலுக்கு குடுத்தாச்சு. பிள்ளைங்க அடிச்சு பழகட்டும்," என்றான் சஜன்.

"எலே சஜா, நான் செஞ்சது தெற்றாக்கும். நானே வந்து சொல்லியிருக்கணும்."

"ஓ, அதுக்கெதுக்கு இப்பம்?" அவன் ஒரு ஷீட்டைத் திருப்பிப் போட்டான். "எனக்கு தாளம் நிக்காதுண்ணு எனக்கே தெரியும் பிள்ளே. பத்தாம் கிளாஸ்லயே தெரியும். நிங்க மூணுபேரும் தெரிஞ்சிட்டும் ஒண்ணும் சொல்லாம கூட வாசிச்சீங்கல்லா, அதுக்காக்கும் நான் ஞாயிறாச்சய காத்துகிட்டு இருந்தது."

தரத்தைப் பற்றி ஜீனா யோசித்து வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் உண்மைதான். அவற்றில் ஒன்றைக்கூட அங்கே சொல்ல முடியவில்லை.

அவன் பஸ் ஸ்டாப் வரை கூட நடந்துவந்தான். ரப்பர் விலையைப் பற்றியும், மகள் நெய்யாற்றின்கரையில் டியூஷன் போவதைப் பற்றியும் பேசினான். கோபம் கொஞ்சமாவது இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். பஸ் வந்ததும், "பையப் போ," என்று கை காட்டினான்.

இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகே, திரும்பி வா என்று கூப்பிடத்தான் போனோம், அதைக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம். இறங்கவில்லை. கேட்டிருந்தால் சஜன் வந்திருப்பான் என்றே அவளுக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.